செயின்சா சைலன்சரைத் திறப்பதும் கார்புரேட்டரைத் திரும்ப வைப்பதும்: ராமநாதபுரம் கரையோரத்துக்கான வழிகாட்டி

சைலன்சரைக் கொஞ்சம் திறந்துவிட்டால் செயின்சாவுக்கு இழுவை கூடும் என்பது சாயல்குடி, கடலாடி, தொண்டிப் பக்கம் மரம் அறுக்கிறவர்கள் பலர் காதிலும் விழுந்த சங்கதி. இழுவை கூடுவது உண்மைதான். அந்தப் பேச்சில் விட்டுப்போவது கார்புரேட்டர். சைலன்சரைத் திறந்துவிட்டு கார்புரேட்டர் திருகைத் தொடாமல் விட்ட மெஷின், தடித்த மரத்தில் முழு ரேஸில் சில நிமிடம் நின்றாலே பிஸ்டன் கீறிப் போகலாம். இரண்டும் ஒரே வேலை. ஒன்றைச் செய்ய நேரமில்லை என்றால் மற்றதையும் தொடாமல் இருப்பதே நல்லது.

உள்ளே நடப்பது

டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் எரிந்த புகை வெளியேறும் அதே நேரத்தில் புதுக் கலவை சிலிண்டருக்குள் ஏறுகிறது. வெளியேறும் வழி குறுகலாக இருந்தால் பழைய புகை கொஞ்சம் உள்ளேயே தங்கி, புதுக் கலவையின் இடத்தை அடைத்துக்கொள்ளும். வழியை அகலப்படுத்தினால் காற்று கூடுதலாக ஓடும். பெட்ரோல் வரும் துளையோ பழைய அளவிலேயே இருக்கிறது. இப்படிக் காற்று கூடிப் பெட்ரோல் பற்றாமல் போவதை மெக்கானிக்குகள் 'லீன்' என்பார்கள், பெட்ரோல் மிகுந்து போவதை 'ரிச்' என்பார்கள்.

இந்த என்ஜினுக்கு ஆயில் தனியாகக் கிடையாது, பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். சைலன்சர் பக்கத்துப் பிஸ்டன் சுவர்தான் முதலில் வீங்கும். அது சிலிண்டரை உரசி நெடுக்குக் கோடுகள் விழும், ரிங் தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். சித்திரை, வைகாசி வெயிலில் ஏற்கெனவே கொதிக்கும் மெஷினில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

யாருக்கு வேண்டாம்

கரிமூட்டத்துக்குக் கை தடிமன் வேலிக்கருவை வெட்டுகிறவர்களுக்கு இந்த வேலையால் பெரிய லாபமில்லை. அந்தக் கட்டை சில நொடியில் அறுந்துவிடும், மெஷின் முழுப் பலத்துக்குப் போவதே இல்லை. புளி, வேம்பு, வாகை மாதிரி அடிமரத்தைத் துண்டு போடுகிறவர்கள், வள்ளம் கட்ட மரத்தை நெடுக்காக அறுக்கிறவர்கள், விழுந்த பனையிலிருந்து பனங்கை (கூரைக்கான சட்டம்) எடுக்கிறவர்கள் ஆகியோருக்குத்தான் வித்தியாசம் கையில் தெரியும். (நிற்கும் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்திருக்கிறது. மெஷினை எடுக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

அதற்கும் முன்னால் செயினைப் பாருங்கள். மெஷினுக்குப் பலமில்லை என்று வரும் புகாரில் பெரும்பகுதி மழுங்கிய பல்லில்தான் முடியும். பனை நாரில் சிலிக்கா இருக்கிறது. கரையோர மரத்தின் பட்டை இடுக்கில் மணல் இருக்கும். இரண்டுமே செயின் பல்லைத் தின்னும். மூன்றெட்டு (3/8 அங்குல) லோ-புரொபைல் செயினுக்கு 4 மி.மீ. வட்ட அரம், பாயின்ட் 325 (0.325 அங்குல) செயினுக்கு 4.8 மி.மீ. அரம். ஒவ்வொரு முறை டாங்க் நிரப்பும்போதும் பல்லுக்கு இரண்டு இழுப்பு போடுங்கள். அறுக்கும்போது சீவல் சீவலாக விழ வேண்டும். மாவாக விழுந்தால் சைலன்சரைத் திறந்தும் பயனில்லை.

மூன்று வகை மெஷினில் கை வைக்காதீர்கள். முதலாவது, 'எச்' திருகு (முழு ரேஸில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் திருகு) இல்லாத சின்ன மெஷின். அதில் பெட்ரோல் ஜெட் நிலையானது, கூட்ட வழியில்லை என்பதால் திறந்தால் லீன் ஆகியே தீரும். இரண்டாவது, சைலன்சருக்குள் தேன்கூடு மாதிரி கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) வைத்த மெஷின். மூன்றாவது, ஏற்கெனவே தேய்ந்த மெஷின். பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜ் மாட்டி, சோக் இல்லாமல் ஆக்சிலேட்டரை முழுக்கப் பிடித்து, முள் ஏறுவது நிற்கும்வரை கயிற்றை இழுங்கள். 120 பி.எஸ்.ஐ.க்குக் கீழே நின்றால் ரிங், பிஸ்டன் பார்க்க வேண்டிய நேரம். எம்-ட்ரானிக், ஆட்டோடியூன் மாதிரி தானாகவே கலவை வைத்துக்கொள்ளும் மெஷின்களில் திருப்ப வேண்டிய திருகே இல்லை. கீழே சொல்லும் கார்புரேட்டர் முறை அவற்றுக்குப் பொருந்தாது.

வாரண்டி இருக்கும் மெஷினில் இதைச் செய்தால் வாரண்டி போய்விடும். சத்தமும் கூடும். காது மூடி இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

மெஷினுக்குப் பொருந்தும் ஆலன் கீ அல்லது நட்சத்திர முனை டார்க்ஸ் 27, வெர்னியர், 4 மி.மீ. டிரில் பிட், 12 மி.மீ. வரை போகும் ஸ்டெப் டிரில் பிட், வட்ட அரம், புது சைலன்சர் கேஸ்கெட், துருப்பிடிக்காத எஃகு வலை (கண் அரை மில்லிமீட்டர் அளவு), போல்ட் மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்கச் செம்பு கலந்த ஆன்டி-சீஸ் பேஸ்ட், புது ஏர் ஃபில்டர், புது பிளக். கார்புரேட்டர் திருகு சில மெஷின்களில் சாதாரண வெட்டு, சிலவற்றில் 'டி' வடிவம், சிலவற்றில் பல் பல்லாக இருக்கும். அதற்கேற்ற திருப்புளியை முதலிலேயே வாங்கிவிடுங்கள். குறடால் பிடித்துத் திருப்பினால் பித்தளைத் தலை சிதைந்து, பிறகு எதுவும் செய்ய முடியாது. டேக்கோமீட்டர் கிடைத்தால் மிகவும் நல்லது. பிளக் வயரில் சுற்றும் வகையே போதும், ஒரு சுற்றுக்கு ஒரு ஸ்பார்க் என்று அதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலை முதலில் முடிவு செய்யுங்கள்

கார்புரேட்டரை எந்தக் கலவையில் வைக்கிறோமோ அதே கலவையில்தான் கடைசிவரை ஓட்ட வேண்டும். மெஷின் புத்தகம் 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி. டூ-டி ஆயில். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி. மூடியால் ஊற்றாமல் அளவுக் குப்பியால் அளந்து ஊற்றுங்கள். பாதுகாப்புக்காக ஆயிலை மட்டும் கூட்டினால் அதே துளை வழியே போகும் கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும், அதாவது லீன் பக்கம் போகும். பலர் இதை நேர்மாறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

பங்கில் இப்போது வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு. அதனால் பழைய பெட்ரோலுக்கு வைத்த திருகு இன்றைக்குச் சற்று லீன் ஆகவே இருக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும், பாம்பன், மண்டபம், தேவிபட்டினக் கரைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. பாதி நிறைந்த கேனில் கலவையைப் போட்டு மாதக்கணக்கில் வைத்தால் தண்ணீர் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து, மூடியை இறுக்கி, நிழலில் வையுங்கள்.

சைலன்சர் வேலை

என்ஜின் முழுக்க ஆறியபின் தொடங்குங்கள். பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். உப்புக் காற்றில் நின்ற மெஷினில் சைலன்சர் போல்ட் துருவேறிப் பிடித்திருக்கும். முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு, காலையில் முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அசைத்து, பிறகு கழற்றுங்கள். முறுக்கி ஒடித்தால் அலுமினிய சிலிண்டருக்குள் நின்றுபோன துண்டை எடுப்பது லேத் பட்டறை வேலையாகிவிடும்.

சைலன்சர் வந்ததும் திறந்த துவாரத்தின் வழியே டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். எந்திரத்தில் கடைந்த மெல்லிய கிடைக் கோடுகள் தெரிந்தால் நல்ல நிலை. மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு, அது ஏன் வந்தது என்று தேடுங்கள். பார்த்து முடித்ததும் கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்டன் அந்தத் துவாரத்தை மூடும்படி நிறுத்தி, சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். டிரில் வேலை முழுவதும் சைலன்சரை மெஷினிலிருந்து தள்ளி எடுத்துப்போய்ச் செய்ய வேண்டும்.

இனி அளவு. சிலிண்டர் துவாரத்தின் அகல உயரத்தை வெர்னியரில் எடுங்கள். உதாரணமாக 26-க்கு 16 மி.மீ. என்றால் 416 சதுர மி.மீ. வளைந்த மூலைகளைக் கழித்து 380 என்று வைத்துக்கொள்ளலாம். வெளிவழி மொத்தம் இதில் 70 முதல் 80 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், அதாவது 266-லிருந்து 304 வரை. இப்போது இருப்பது 12 மி.மீ. வட்டத் துளை ஒன்று என்றால் அது 113. இன்னும் இரண்டு 10 மி.மீ. துளை போட்டால் 157 கூடி 270 ஆகும். 80 விழுக்காட்டுக்குமேல் ஆசைப்பட வேண்டாம். டூ-ஸ்ட்ரோக்குக்குக் கொஞ்சம் எதிர் அழுத்தம் தேவை. அது இல்லாவிட்டால் புதுக் கலவையும் புகையோடு சேர்ந்து வெளியே ஓடும். சத்தமும் பெட்ரோல் செலவும் ஏறும், இழுவை ஏறாது. குறைவாகத் திறந்துவிட்டுப் பிறகு கூட்டலாம். கூட்டியதைக் குறைக்க வெல்டிங் வைக்க வேண்டும்.

சைலன்சர் இரண்டு பாதியாகக் கழறும் வகை என்றால் உள்ளே நடுத்தகட்டையும் பாருங்கள். அதன் துளைகளின் மொத்தம் வெளிவழியைவிடச் சிறியதாக இருந்தால் வெளியே எவ்வளவு திறந்தும் பயனில்லை. அதிலும் சில துளை கூட்டுங்கள், தகட்டையே எடுத்துவிடாதீர்கள். விளிம்பு மடித்து அடைத்த வகையை அறுத்துத் திறந்தால் திரும்ப வெல்டிங் வேண்டும். புதியவர்கள் அதன் வெளித்துளையை மட்டும் பெரிதாக்குவது போதும்.

துளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. புகை முன்பக்கமாக, வலப்புறம் சாய்ந்து போக வேண்டும். கைப்பிடி, செயின் பிரேக், பிளாஸ்டிக் மூடி, பார் (செயின் ஓடும் நீளத் தகடு), சிலிண்டரின் குளிர்த் தகடுகள் எதன்மேலும் படக் கூடாது. கீழ்நோக்கியும் கூடாது. தேரி மணலில் வைத்து ரேஸ் கொடுத்தால் மணல் கிளம்பி நேரே ஏர் ஃபில்டருக்கு வரும், காய்ந்த ஓலைச் சருகாக இருந்தால் பற்றிக்கொள்ளும். இடத்தைக் குறித்து, 4 மி.மீ.யில் தொடக்கத் துளை போட்டு, ஸ்டெப் பிட்டால் மெல்லக் கூட்டி, பிசிறை உள்ளும் வெளியும் அரத்தால் எடுங்கள். புகையைத் திருப்ப ஒரு மூக்குத் தகடு தேவைப்பட்டால் கேஸ் வெல்டிங் அல்லது மிக் வெல்டிங் வையுங்கள். தகடு மெல்லியது என்பதால் சாதாரண ஆர்க் வெல்டிங் பொத்துவிடும். எபாக்சி பசை இந்தச் சூட்டில் கருகி உதிரும்.

பொறி வலையை எடுத்து எறிவது பலரும் செய்வது. எங்கள் பகுதியில் அது பெரிய தவறு. வேலிக்கருவைக் காட்டுக்குள் காய்ந்த புல், பக்கத்தில் ஓலைக் கொட்டகை, மீன்வலை காயப்போட்ட இடம். சைலன்சரிலிருந்து தெறிக்கும் ஒரு கரித்துண்டு போதும். புதுத் துளைகளுக்கும் சேர்த்து உட்பக்கமாக வலை வைத்து, திருகி நிறுத்துங்கள். வலைக் கம்பி வழியில் கொஞ்சம் அடைக்கும் என்பதால் கணக்கில் மேல் எல்லையை ஒட்டிப் போகலாம்.

முடித்ததும் சைலன்சரைத் தட்டி, பெட்ரோல் விட்டுக் குலுக்கிக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். உள்ளே மிஞ்சிய ஓர் இரும்புச் சீவல் துவாரத்தின் வழியே திரும்பி வந்து பிஸ்டனைக் கீறும். புது கேஸ்கெட் வைத்து, போல்ட் மரையில் ஆன்டி-சீஸ் தடவி, மாற்றி மாற்றி ஒரே சீராக இறுக்குங்கள். அடைத்த துணியை அதற்கு முன் எடுக்க மறக்காதீர்கள்.

கார்புரேட்டர்: தொடங்கும் முன்

புது ஏர் ஃபில்டர், புது பிளக் (இடைவெளி மெஷின் புத்தகப்படி, பெரும்பாலும் 0.5 மி.மீ. அல்லது 0.6 மி.மீ.), தீட்டிய செயின், சரியான இழுப்பு. இவை இல்லாமல் வைத்தால் அழுக்கு ஃபில்டருக்குத்தான் டியூனிங் செய்திருப்பீர்கள்.

மூன்று திருகு இருக்கும். 'எல்' என்பது மெதுவான ஓட்டத்துக்கும் ரேஸ் எடுப்புக்குமான பெட்ரோல். 'எச்' முழு ரேஸுக்கானது. 'எல்.ஏ.' அல்லது 'டி' என்று எழுதியிருப்பது பெட்ரோலைத் தொடாது, திராட்டில் தகட்டை மட்டும் தாங்கி நிறுத்தும். 'எல்', 'எச்' இரண்டிலும் வலப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் குறையும், இடப்பக்கம் திருப்பினால் கூடும். அவற்றின் தலையில் பிளாஸ்டிக் தொப்பி இருந்து கால் சுற்றுக்குமேல் திரும்பாமல் தடுத்தால், தொப்பியை மட்டும் எடுக்க வேண்டும்.

இப்போது இருக்கும் நிலையை எழுதி வையுங்கள். திருகை எத்தனை சுற்று வலப்பக்கம் போனால் முட்டுகிறது என்று எண்ணினால் போதும். முட்டும் இடத்தில் விரல் பலத்துக்குமேல் கொடுக்காதீர்கள், ஊசி முனையில் பள்ளம் விழுந்தால் பிறகு எந்த இடத்திலும் சரியாக நிற்காது. தொடக்கமாக 'எல்' முட்டும் இடத்திலிருந்து ஒரு சுற்று, 'எச்' பழைய நிலையைவிடக் கால் சுற்று இடப்பக்கம் கூடுதலாகத் திறந்து வையுங்கள். வேண்டுமென்றே ரிச் ஆகத் தொடங்குகிறோம். ரிச் ஆக இருந்தால் புகையும் மந்தமும்தான் இழப்பு.

வைக்கும் முறை

மெஷினை மூன்று நான்கு நிமிடம் விட்டுவிட்டு ரேஸ் கொடுத்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த என்ஜினில் வைப்பது எதுவும் நிற்காது. பாரும் செயினும் மாட்டியே இருக்க வேண்டும். பார் முனை எதிலும் படாமல், மெஷினைத் தரையில் ஊன்றிப் பிடியுங்கள்.

முதலில் 'எல்'. மெல்ல உள்ளே திருப்புங்கள், ஓட்டம் ஏறும். ஓரிடத்தில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும். அந்த உச்சத்திலிருந்து எட்டில் ஒரு சுற்று முதல் கால் சுற்றுவரை வெளியே எடுத்து நிறுத்துங்கள். ஆக்சிலேட்டரை டக்கென்று அழுத்திப் பாருங்கள். ஒரு கணம் திணறி அணையப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் வெளியே. புகையைக் கக்கிக்கொண்டு மந்தமாக ஏறினால் கொஞ்சம் உள்ளே.

அடுத்து 'எல்.ஏ.' வைத்து 2,500 முதல் 3,000 சுற்றுக்குள் நிறுத்துங்கள். மீட்டர் இல்லையென்றால் செயின் ஓடத் தொடங்கும்வரை கூட்டி, செயின் நின்றபின் இன்னும் கொஞ்சம் குறையுங்கள். ஆக்சிலேட்டரை விட்டபின் செயின் நகரும் மெஷினை எடுத்துக்கொண்டு நடக்கவே கூடாது.

கடைசியாக 'எச்'. இதில் காதுதான் கருவி. ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தி நான்கைந்து நொடி மட்டும் கேளுங்கள். ரிச் ஆக இருந்தால் சத்தம் சீராக இராது. உச்சத்தில் படபடவென்று தடுமாறிக்கொண்டே நிற்கும், தூரத்துப் புல்லட் சத்தம் அதனுள்ளே கலந்த மாதிரி இருக்கும். திருகை ஒரு நூல் உள்ளே திருப்பித் திரும்பக் கேளுங்கள். படபடப்பு குறைந்து சத்தம் கூர்மையாகும். அது முழுக்க மறைந்து ஒரே கீச்சென்று ஓடினால் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், உடனே ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு வெளியே திருப்புங்கள்.

சரியான இடத்தைக் காட்டுவது மரம். கையளவுக்கு மேல் தடித்த, காயாத கட்டை ஒன்றை வைத்து அறுங்கள். பார் மரத்தில் இறங்கியதும் படபடப்பு நின்று சத்தம் சீராக வேண்டும். அறுத்துக்கொண்டிருக்கும்போதே மெஷினைச் சற்றுத் தூக்கிச் சுமையைக் குறைத்தால் படபடப்பு உடனே திரும்பி வர வேண்டும். மரத்துக்குள்ளும் தடுமாறினால் ரிச். தூக்கியபின்னும் கீச்சென்றே ஓடினால் லீன். மீட்டர் வைத்திருப்பவர்கள் மெஷின் புத்தகத்தில் உள்ள உச்சச் சுற்றைத் தாண்டாமல், அதற்கு ஐந்நூறு சுற்று கீழேயே நிறுத்துங்கள்.

சில மெஷினில் ஸ்பார்க் தரும் இக்னிஷன் காயில் தானே உச்சத்தில் ஸ்பார்க்கை விட்டுவிட்டுக் கொடுத்துச் சுற்றைக் கட்டுப்படுத்தும். அந்தச் சத்தமும் ரிச் படபடப்பு மாதிரியே கேட்கும். அதைக் கேட்டு ஏமாந்து இன்னும் உள்ளே திருப்பினால் பிஸ்டன் போகும். அதனால்தான் ரிச் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டும், லீன் பக்கத்திலிருந்து தேடக் கூடாது.

'எச்' மாறினால் 'எல்' சற்று நகரும். ஆகவே இரண்டாவது முறை 'எல்', 'எல்.ஏ.' பார்த்துவிட்டு முடியுங்கள்.

பிடிபடாமல் போனால்

ஆக்சிலேட்டரை விட்டபின் சுற்று உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் தொங்கினால், மெஷினைப் பக்கவாட்டில் சாய்க்கும்போது ஓட்டம் மாறினால், எங்கோ காற்று ஒழுகுகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு, கிராங்க் சீல், தளர்ந்த கார்புரேட்டர் நட், இந்த வரிசையில் பாருங்கள். காற்று ஒழுகும் மெஷினைத் திருகால் சரிசெய்ய முடியாது. மறைத்து வைக்கத்தான் முடியும், அது அடுத்த வெயிலில் வெளியே வரும்.

'எச்'சை எவ்வளவு திறந்தும் ரிச் ஆகவில்லையென்றால் டாங்குக்குள் இருக்கும் பெட்ரோல் ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். அடுத்து கார்புரேட்டருக்குள் உள்ள சின்ன வலை. அதற்கும் அடுத்து டயாஃப்ரம் (கார்புரேட்டருக்குள் உள்ள மெல்லிய ஏடு). எத்தனால் பெட்ரோலில் கிடந்த டயாஃப்ரம் விறைத்து, விரலால் அமுக்கினால் தகடு மாதிரி சத்தம் போடும். ரிப்பேர் கிட் வாங்கி மாற்றுவது சுலபம். அதோடு பெட்ரோல் குழாய்களையும் மாற்றிவிடுங்கள்.

பிளக்கைப் பார்த்து முடிவு சொல்வதென்றால் மெதுவான ஓட்டத்துக்குப் பிறகு பார்க்காதீர்கள். முழு ரேஸில் அறுத்துக்கொண்டிருக்கும்போதே சுவிட்சை அணைத்துக் கழற்றுங்கள். காவி கலந்த பழுப்பு நல்லது, வெளுப்பு லீன், ஈரக் கருப்பு ரிச்.

முதல் டாங்கும் அதன்பின்னும்

முதல் டாங்க் தீர்ந்ததும் மெஷினை ஆறவிட்டு சைலன்சர் போல்ட்டைத் திரும்ப இறுக்குங்கள். புது கேஸ்கெட் அமுங்கி இளகும். சைலன்சர் அருகே பிளாஸ்டிக் எங்காவது நெகிழ்ந்திருக்கிறதா, பெயிண்ட் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புகை அங்கே போகிறது, மூக்குத் தகட்டைத் திருப்ப வேண்டும். பொறி வலையை மாதம் ஒருமுறை கம்பித் தூரிகையால் தட்டியெடுங்கள். அது அடைத்தால் மெஷின் மெல்ல மெல்ல மந்தமாகும், கார்புரேட்டர்தான் கெட்டது என்று திருகைத் தேடுவீர்கள்.

கச்சான் காற்று மணலைத் தூக்கும் ஆனி, ஆடியில் ஏர் ஃபில்டரை ஒரு நாளில் இரண்டு முறை தட்டுங்கள். ஃபில்டர் அடைத்தால் ரிச் ஆகும், விளிம்பு சரியாக உட்காராமல் மணல் உள்ளே போனால் சிலிண்டரையே அரைத்துவிடும். கரையில் வேலை முடிந்தால் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, சைலன்சர் போல்ட், கார்புரேட்டர் திருகுப் பகுதியில் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். வாரக்கணக்கில் வைக்கப்போகும் மெஷினில் டாங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பதும் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள்.

சித்திரை மதியத்தில் வைத்த திருகு மார்கழி விடியலுக்குப் பொருந்தாது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதே திருகில் லீன் ஆகும். வாடைக்காற்று தொடங்கியதும் 'எச்'சைப் பதினாறில் ஒரு பங்கு சுற்று வெளியே எடுத்து, மரத்தில் வைத்து அந்தப் படபடப்பைத் திரும்பக் கேட்டுக்கொள்ளுங்கள். வைக்கும் நேரம் உங்கள் கையில் இருந்தால் மதியத்தில் வைக்காமல் காலைக் குளிரில் வையுங்கள். பிறகு வெயில் ஏறும்போது மெஷின் ரிச் பக்கம்தான் நகரும்.